அப்பாவின் நாற்பது கேசட்டுகளும் அக்காவின் ஒரு கேள்வியும்: வீட்டு இசையைக் கணினிக்கு ஏற்ற எந்த வழி?

போன தை மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, கேசட்டைப் போட்டால் பாட்டு நேராகக் கணினிக்குள் போய்விடும் என்று ஒரு பிளேயர் மலிவாக வருகிறது. வாங்கிவிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்படியானால் வேறு வழியை நீயே சொல்" என்றாள். ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை. அன்று பேசியதையும், அதன் பிறகு கடலூரில் என் வீட்டில் நானே செய்து பார்த்துக் கெடுத்ததையும் தேற்றியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இருப்பு. அக்கா வீட்டில் மூன்று வகை. மகளின் வயலின் பயிற்சி அடங்கிய கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்று. பாரிஸில் வேலை பார்த்த கொழுந்தனார் ஒரு விடுமுறையில் விட்டுப்போன மினிடிஸ்க் கருவி, அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டில் பாட்டைப் பதியும் கருவி ஒன்று. அதில் அக்காவின் மாமியார் பாடிய பாட்டுகள். இவை போக ஒரு துணிப்பை நிறையக் கேசட்டுகள். என்னிடம் கேசட் மட்டும்தான், நாற்பது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கூடத்தில் மார்கழிதோறும் அப்பா ஆர்மோனியம் வாசிக்க அம்மா பாடிய பஜனைகளை, ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை ஜன்னல் கட்டையில் வைத்துப் பிடித்தவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டபோது அலமாரியின் மேல்தட்டில் ஒழுகிய தண்ணீர் இவற்றில் சிலவற்றை நனைத்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எந்த வழி என்று தேடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பாட்டு இப்போது அந்தக் கருவிக்குள் எண்களாக இருக்கிறதா, காந்தத் தடமாக இருக்கிறதா? எண்களாக இருந்தால் நகல் எடுத்தால் போதும். காந்தத் தடமாக இருந்தால் மறுபடி ஓடவிட்டு, ஒலிக்கவைத்து, அதைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே வயரில் முடிக்கப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

அக்கா மகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு வயரைச் செருகி, அரை மணி நேரப் பயிற்சியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கிறாள். கருவியிலுள்ள மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட்டிருந்தால் அந்தக் கோப்பு ஒரு நிமிடத்துக்குள் வந்திருக்கும். ஒரு துளி கூட மாறாமல் வந்திருக்கும். வயர் வழியாக வந்ததில் ஹெட்போன் பெருக்கியின் சீறலும் சார்ஜரின் ரீங்காரமும் இலவசமாகச் சேர்ந்துகொண்டன. யுஎஸ்பி வயரில் நேராக இணைத்தாலும் வருவது அதே கோப்புதான். ஆனால் இந்தச் சின்னக் கருவிகளின் யுஎஸ்பி துளை சீக்கிரம் ஆட்டம் காணும் என்பதால் நான் கார்டு ரீடர் கட்சி. 'கட்' கொடுக்காமல் 'காப்பி' கொடுங்கள். இரண்டு இடத்தில் நகல் வைத்து, திறந்து கேட்டுப் பார்த்த பிறகு கார்டை அழியுங்கள். குறுந்தகட்டுத் தரத்தில், அதாவது 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸில், ஒரு மணி நேர ஸ்டீரியோ 'வேவ்' கோப்பு, அதாவது சுருக்காத ஒலிக்கோப்பு, ஏறத்தாழ 635 எம்பி. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இதெல்லாம் கொசு. இதில் ஒப்பிட வேறொன்றும் இல்லை.

மினிடிஸ்க் ஒரு விசித்திரப் பிறவி. 1992இல் சோனி கொண்டுவந்தது. உள்ளே இருப்பது எண்கள்தான், ஆனால் எண்களாக வெளியே வர மறுக்கும். 2001இல் வந்த நெட் எம்டி வகையில் யுஎஸ்பி துளை உண்டு. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அந்தத் துளை கணினியிலிருந்து வட்டுக்குப் பாட்டை ஏற்றத்தான். மைக் வைத்துப் பதிந்த சொந்தப் பாட்டைத் திருப்பி இறக்க நிறுவனத்தின் மென்பொருள் விடவில்லை. பழைய வட்டுகளிலிருந்தும் இறக்கித் தரும் எம்இசட்-ஆர்எச்1 என்ற கருவி 2006இல்தான் வந்தது. இப்போது அதைப் பழைய பொருளாகத் தேடி வாங்குவது, ஐந்தே வட்டுகளுக்காக, யானை வாங்கி அங்குசத்துக்கும் அலைகிற கதை. கொழுந்தனார் விட்டுப்போன கருவி ஒழுங்காக ஓடுகிறது. அதன் ஒலி வெளியீட்டிலிருந்து மகளின் டிஜிட்டல் ரெக்கார்டருக்கு ஒரு வயர், வட்டுக்கு ஒரு மாலை, ஐந்து மாலைகளில் வேலை முடிந்தது. மினிடிஸ்க் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. இந்த ஒரு முறை வயர் வழியாக வருவதில் காது உணரும்படி இழப்பு எதையும் நான் கேட்கவில்லை.

இனி கேசட். சிரமமும் ருசியும் இதில்தான்.

அக்கா கேட்டது கணினிப் பக்கத்தில் எதை வாங்குவது என்று. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கணினிப் பக்கத்தில் ஆயிரம் ரூபாய் போடுவதைவிட டேப் ஓடும் பக்கத்தில் நூறு ரூபாய் போடுவது மேல் என்பது என் தீர்மானம். டேப்பைப் படிக்கும் முனையான ஹெட்டில் படிந்த அழுக்கையும், மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் பெல்ட் கழன்றிருப்பதையும் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

கேசட்டை ஓட்ட நான் எடுத்த டெக், அதாவது கேசட் கருவி, அப்பாவுடையதல்ல. அப்பாவின் ரெக்கார்டரில் பெல்ட் உருகிக் கறுப்புப் பாகாகிக் கிடந்தது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்டீரியோ டெக் ஒன்று கிடைத்தது. விற்றவர் ஓடும் என்று சத்தியம் செய்தார், ஓடவும் ஓடியது. வீட்டுக்கு வந்து பஞ்சுக் குச்சியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்து ஹெட்டில் ஒரு முறை இழுத்தேன். தேநீர் வடிகட்டியைத் துடைத்ததுபோல் பழுப்பு நிறம். எட்டுக் குச்சிகளுக்குப் பிறகுதான் பஞ்சு வெள்ளையாக வந்தது. அதே கேசட்டை மறுபடி போட்டேன். அம்மாவின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றது. மொத்தச் செலவு ஒரு புட்டி ஆல்கஹால். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நம்பாதீர்கள், அதில் வேறு எதுவும் கலந்திருக்கலாம்; எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

அடுத்தது வேகம். கேசட்டில் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் வீட்டில் அளவுகோல் கூடத்திலேயே இருந்தது. அப்பாவின் ஆர்மோனியம். பதிவில் ஒலிக்கும் அதே ஆர்மோனியம். அம்மா ஐந்து கட்டையில் பாடுவாள். டேப்பை ஓடவிட்டு ஐந்து கட்டையில் விரலை வைத்தேன். இரண்டும் சண்டை போட்டன. ஐந்தரையில் வைத்தபோது ஒத்துப்போயின. ஏறத்தாழ ஆறு சதவீத வேகம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்பி இறக்கினேன். சில கேசட்டுகளில் வேறு வம்பு. பதிவு செய்த அன்று பேட்டரி தளர்ந்துகொண்டே போயிருக்கிறது, அதனால் ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் ஐந்தாக இருக்கும் சுருதி முடிவில் ஐந்தரையைத் தொடுகிறது. அவற்றை மட்டும் கணினியில் ஏற்றிய பிறகு மென்பொருளில் வேகத்தைச் சீராக்கினேன். வீட்டில் ஆர்மோனியம் இல்லாதவர்கள் அன்று பயன்படுத்திய சுருதிப்பெட்டியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பரணில் இருக்கும்.

மூன்றாவது, ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் திருகு இருக்கும். பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு இதையும் கொண்டுவர வேண்டும். ஜால்ரா ஒலிக்கும் இடமாகப் பார்த்து, கால் திருப்பு இந்தப் பக்கம், கால் திருப்பு அந்தப் பக்கம் என்று திருப்பினால், ஓரிடத்தில் ஜால்ரா பளிச்சென்று தெளியும். அங்கே நிறுத்திவிடுங்கள். சின்ன ரெக்கார்டரின் பதிவு மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒரே ஒலி. ஸ்டீரியோ டெக் அதை இரண்டு பாதியாகப் படிக்கிறது. இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருப்பினால் சரியான இடம் இன்னும் எளிதாகப் பிடிபடும். டேப்பைத் தொடுவதற்கு முன் கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட மறக்காதீர்கள். பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் அப்பா அழிந்துபோக மாட்டார்.

இவ்வளவும் ஆன பிறகுதான் வழிகளை ஒப்பிட முடியும்.

செலவே இல்லாத வழி, டெக்கிலிருந்து மடிக்கணினியின் துளைக்கு ஒரு வயர். இதைத்தான் நான் முதலில் செய்தேன். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்த ஒரே துளை. அதன் மைக் பகுதி மோனோ; பேச்சுக் குரலின் அளவுக்குச் செய்தது. டெக்கின் ஒலி அதற்கு அதிகம், அதனால் உச்சத்தில் கரகரக்கும். எங்கள் பதிவு எப்படியும் மோனோதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். கேட்டபோது அம்மாவின் குரல் இருந்தது, ஆர்மோனியம் இருந்தது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் எப்போதும் இருக்கும் சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தைக் காணவில்லை. பாட்டின் நடுவிலும் அது வந்துவந்து மறைந்தது. காரணம் புரிய ஒரு நாள் ஆனது. கணினி, மைக் வழியாக வருவதையெல்லாம் தொலைபேசிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, பின்னணியில் மாறாமல் ஒலிப்பதை இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது. மின்விசிறிக்கும் சுருதிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அமைப்புகளுக்குள் போய் ஒலி மேம்பாடு என்று இருப்பதையெல்லாம் அணைத்தபின் சுருதி திரும்பியது. இந்த வழியில் செய்வதானால் அதை முதலில் அணையுங்கள். சார்ஜரையும் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் பஜனையில் கலந்துகொள்ளும். சோதனைக்கு இது போதும். நாற்பது கேசட்டுக்கு வேண்டாம்.

அக்கா வாங்க நினைத்த யுஎஸ்பி கேசட் பிளேயர் இரண்டாவது. நண்பரிடம் ஒன்று இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வசதி என்றால் அப்படியொரு வசதி. ஆனால் எடையே இல்லாத பிளாஸ்டிக். உள்ளே டேப்பைச் சீராக இழுக்க வேண்டிய சக்கரம் மிக இலேசானது. பாடும் குரலில் இயல்பாகவே அசைவு உண்டு என்பதால் வேக ஆட்டம் அதில் மறைந்துவிடும். ஆர்மோனியத்தில் மறையாது. அப்பா ஒரு கட்டையை நீளமாகப் பிடித்தால் அந்த ஸ்வரம் நீருக்குள் இருந்து பார்ப்பதுபோல் நெளிகிறது. தாத்தாவின் பேச்சு, பிள்ளைகளின் மழலை, உபந்நியாசம் இவற்றுக்கு இந்த பிளேயர் தாராளமாகப் போதும். இசைக்கு, அதிலும் வீணை, ஆர்மோனியம், நாகஸ்வரம் போல ஸ்வரம் நீண்டு நிற்கும் இசைக்கு, ஆகாது.

மூன்றாவது, நல்ல டெக்கும் தனி யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும், அதாவது ஒலியை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டியும். பெஹ்ரிங்கர் யுசிஏ202 போன்ற சிறியவற்றில் டெக்கின் சிவப்பு, வெள்ளை பின்கள் நேராகப் பொருந்தும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை. கேசட் தருவதற்கு அது ஏராளம். மைக் பெருக்கியோடு வரும் விலை உயர்ந்தவற்றை இதற்காக மட்டும் வாங்குவது வீண். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒலியளவை மிக உரத்த இடத்திலும், மென்பொருளின் அளவுமானியில் உச்சமான பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் நிம்மதி. வீட்டில் டிஜிட்டல் ரெக்கார்டர் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இந்த வழிதான்.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது நான்காவது வழி. கணினியை அறையிலேயே வைக்காதது. டெக்கின் வெளியீட்டை அக்கா மகளின் கையடக்க ரெக்கார்டருக்குள் செலுத்தி, அதன் கார்டை மட்டும் பிறகு கணினிக்குக் கொண்டுபோனேன். சூம் எச்1, டாஸ்காம் டிஆர்-05 போன்றவற்றில் வெளி ஒலியை வாங்கும் துளை உண்டு. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடுவதால் ரீங்காரம் கிடையாது. விசிறிச் சத்தம் கிடையாது. நடுவில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதும் கிடையாது. மின்சாரம் போனால் டெக் நிற்குமே தவிர அதுவரை பதிந்தது கார்டில் பத்திரமாக இருக்கும். கடலூரில் வசிக்கிறவன் இதை எண்ணாமல் இருக்க முடியாது. தானே அடித்த பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எத்தனை நாள் இருந்தோம் என்பதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்று மட்டும் கவனம். தானியங்கி ஒலியளவு, அடித்தொனி வெட்டு என்று கருவியின் முதுகில் இருக்கும் பொத்தான்களை அணைத்துவிடுங்கள். முதல் கேசட்டில் நான் மறந்தேன். பாட்டு முடிந்து அமைதியானதும் டேப்பின் சீறல் அலைபோல் எழும்பி வந்தது. மறுபடி முழுவதும் ஓட்டினேன்.

ஐந்தாவது, கடையில் கொடுப்பது. இதை நான் செய்யாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, இரண்டு கேசட்டை ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். பென் டிரைவில் வந்தது 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது நன்றாகச் சுருக்கிய கோப்பு. சீறலை ஒழித்திருந்தார்கள், அதோடு சுருதியையும் ஜால்ராவின் நாதத்தையும் சேர்த்து ஒழித்திருந்தார்கள். பாட்டுக்கு நடுவே யாரோ "கதவைத் தாழ் போடு" என்பதையும், எங்கள் தெருவுக்குப் பின்னால் அந்நாளைய மீட்டர் கேஜ் பாதையில் போகும் ரயிலின் கூவலையும் குறை என்று நினைத்து வெட்டியிருந்தார்கள். எனக்கு அந்த ரயில் வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அது சத்தம். கொடுப்பதானால் முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் கொடுத்துப் பாருங்கள். எதையும் வெட்டாமல், எதையும் சுத்தம் செய்யாமல், 'வேவ்' கோப்பாக வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கைவிடுவது இங்கேதான். என் நாற்பதும் 90 நிமிடக் கேசட்டுகள். மொத்தம் 60 மணி நேரம். கேசட்டை வேகமாக ஓட்டி ஏற்ற முடியாது. பாடிய நேரம் முழுவதும் ஓடியாக வேண்டும். இரவில் இரண்டு மணி நேரம் என்றால் முப்பது இரவுகள். கோப்புகள் 38 ஜிபி சொச்சம். ஒரு 64 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும். முப்பது இரவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பார்கள். நான் உட்கார்ந்தேன். டேப் சிக்கினால் உடனே நிறுத்த ஆள் வேண்டும் என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

சீறலை நீக்கலாமா என்று அக்கா கேட்டாள். ஏற்றிய மூலக் கோப்பைத் தொடவே கூடாது. அதற்கு ஒரு நகல் எடுத்து அதில் வேண்டியதைச் செய்துகொள்ளலாம். மென்பொருள், இரைச்சலுக்கு ஒரு மாதிரி கேட்கும். பாட்டுக்கு இடையிலான அமைதியைக் காட்டினால் அங்கே சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும், அதையும் இரைச்சல் பட்டியலில் சேர்த்துவிடும். சுருதி தொடங்குவதற்கு முன், பொத்தானை அழுத்திய அந்த இரண்டு நொடியை மாதிரியாகக் காட்டுங்கள். அதுவும் மெல்லிய அளவில். அக்காவின் கைபேசிக்கு அனுப்பியது இப்படிச் செய்த எம்பி3. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேசட் அட்டையில் அப்பா எழுதியிருந்ததை அப்படியே வைத்தேன், எழுத்துப்பிழை உட்பட.

அக்காவுக்கு நான் சொன்ன முடிவு இது: பிளேயர் வாங்காதே. மகளின் ரெக்கார்டர் வீட்டிலேயே இருக்கிறது. நான் ஞாயிறு சந்தையில் வாங்கிய டெக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். பஞ்சுக் குச்சி மட்டும் வாங்கி வை.

முப்பத்தேழு கேசட்டுகள் ஏறிவிட்டன. மீதி மூன்று, தானேயில் நனைந்தவை. சாளரம் வழியே பார்த்தால் டேப் சுருளின் விளிம்பில் விபூதி தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. இப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டை அடைக்கும், அடுத்து வரும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். காற்றுப் புகாத ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வைத்துத் துடைக்க வேண்டும். அதில் ஒன்றின் அட்டையில் மை கலைந்துவிட்டது. 'ஆர்மோனியம் தனி' என்பது மட்டும் படிக்க முடிகிறது.